எமில் பிடித்த விரதம்

1

இந்தக் குறிப்பு உங்கள் கைக்கு வரும்போது நல்லூரில் கொடியேறியிருக்கும். சாப்பாட்டுக் கடைகளில் சைவம் என்று பலகை தொங்கும். மீன்சந்தைப் பக்கம் ஆட்கள் குறைந்திருப்பார்கள். நீங்கள் கோயில் வீதியில் செருப்பை எங்கே கழற்றி விட்டோம் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். இங்கே, சுவிஸில் ஒரு சின்ன நகரத்தில், நாலாம் மாடியில், நாங்கள் இரண்டு பேரும் கணினிக்கு முன்னால் கதிரை போட்டிருந்து அதே கொடியேற்றத்தைப் பார்த்தோம். இவர் வேட்டி கட்டி, அதற்கு மேலே கம்பளிச் சட்டை போட்டிருந்தார். கோடையிலும் இவருக்குக் குளிர்.

இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை. இத்தனை வருஷம் சொல்லாத பெயரை எழுத்தில் சொல்லி இனி என்ன ஆகப்போகிறது? நல்லூர் மணி காதில் விழுகிற தூரத்தில் பிறந்தவர். நான் தொண்டைமானாறு. அவர்கள் கோயிலோடு வளர்ந்தவர்கள், நாங்கள் கோயிலோடும் மீனோடும் வளர்ந்தவர்கள். அந்தப் பேதம் எங்கள் வீட்டில் இன்றைக்கும் உண்டு.

போன வருஷம் இதே இருபத்தைந்து நாள் திருவிழாவுக்குள் எங்கள் வீட்டில் ஒரு சங்கதி நடந்தது. கொடியைப் பார்த்ததும் அது நெஞ்சுக்குள் ஏறி இருந்துவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன். கேட்டால் முதலில் சிரிப்பு வரும். எனக்கும் சில இடங்களில் வருகிறது.

2

எங்களுக்கு ஒரே ஒரு மகள், ஆரபி. உயர்தரம் படிக்கிற காலத்தில் ஒருநாள் கண்ணாடித் தொட்டி ஒன்றும் அதற்குள் ஒரு பிராணியுமாக வந்து நின்றாள். அக்சலோட்டில் என்று பெயராம். சலமாண்டர் சாதியில் ஒன்று. தண்ணீருக்குள்ளேயே சீவிக்கும். வெளிறிய ரோசா நிறம், நாலு கால், ஒரு வால். கழுத்தின் இரண்டு பக்கமும் செம்பரத்தம்பூவைக் கிழித்து ஒட்டினது போல மூச்சுப் பூக்கள். அவள் அதற்கு எமில் என்று பெயர் வைத்தாள். இவர் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. "உதுக்குத் தண்ணி மாத்தேல்லையோ?" என்று கேட்பார். இவருக்கு அது எப்போதும் உது.

வீட்டுக்கு வருகிற எங்கள் ஆட்களுக்கு அதைக் கண்டால் பயம். "என்னக்கா, அரணையை வளக்கிறியளோ? அரணை கடிச்சால் மரணமெண்டல்லோ சொல்லுறவை" என்று ஒருவர் காலிரண்டையும் கதிரைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார். அவருக்கு அக்சலோட்டிலை விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை.

ஆரபி மேல்படிப்புக்கு லொசான் போனாள். பிரெஞ்சு பேசுகிற பக்கம். "ஒரு மாசம் பாருங்கோ அம்மா, இடம் எடுத்தவுடனை எமிலைக் கொண்டுபோறன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு படிப்பு முடிந்தது, வேலை வந்தது, ஒரு சுவிஸ் பொடியனோடு ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கினாள். அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு இவர் தொலைபேசியில் அவளுக்கு ஒரு வசனம் சொன்னார். "கலியாணம் முடிச்சுக்கொண்டு வா பிள்ளை. அதுவரைக்கும் வராதை." கத்திச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் அவள் அழுதிருப்பாள், இவரும் அடுத்த நாள் இறங்கி வந்திருப்பார். ஆறுதலாகச் சொன்னபடியால் அந்த வசனம் அப்படியே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வீடியோவில் அழைப்பு எடுப்பாள்.

"சாப்பிட்டனீங்களோ அம்மா?"

"ஓம். நீ?"

"ஓம்."

அதோடு எங்கள் கதை முடிந்துவிடும். அவளுடைய தமிழ் அவ்வளவுதான், என் டொச்சும், இங்கே பேசுகிற ஜெர்மன், அவ்வளவுதான். அதற்கு மேல் ஏதும் கேட்டால் என்ன பதில் வருமோ என்று இரண்டு பேருக்கும் பயம். சும்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எமிலைக் காட்டுங்கோ" என்பாள்.

நான் போனைத் தொட்டிக்கு முன்னால் பிடிப்பேன். அவள் அவனோடு டொச்சில் கதைக்கத் தொடங்குவாள். குழந்தைப்பிள்ளையோடு கதைப்பது போல, நெடுநேரம். வேலையிடத்தில் மேலதிகாரி சரியில்லை என்பது, முடியைக் கட்டையாக வெட்டினது, அந்தப் பொடியனின் தாய் இவளுக்குக் கேக் செய்து கொடுத்தது, எல்லாம் எமிலுக்குத்தான் சொல்வாள். படத்தில் என் முகம் இராது. போனைப் பிடித்திருக்கிற கைதான் நான். ஒரு ஞாயிறு, குடல்வால் வெட்டி ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்ததை அவனுக்குச் சொன்னாள். நான் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறவள். டொச்சில் வேறு எது விளங்காவிட்டாலும் நோய் வருத்தங்களின் பெயர்கள் எனக்கு நன்றாக விளங்கும். போன் தொட்டிக் கண்ணாடியில் முட்டிவிட்டது. "அம்மா, ஆட்டாமல் பிடியுங்கோ" என்றாள்.

இந்த நேரங்களில் இவர் குசினி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்பார். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவைக்கு மேலே வெங்காயம் உரித்துக் கிடக்கும். காதை இங்கே வைத்துக்கொண்டு கண்ணை அங்கே வைத்திருக்கிற மனுஷன்.

ஆகவே எமில் சாகக் கூடாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். அவன் போனால் என் பிள்ளையின் குரலும் போய்விடும்.

3

போன வருஷம் பனி உருகுகிற காலத்தில் எமிலின் மூச்சுப் பூக்கள் சுருங்கத் தொடங்கின. வாலின் மெல்லிய ஓரம் கரைந்தது. தோல் உரிந்து தண்ணீரில் மிதந்தது. கண் பிதுங்கியது. எந்த நேரமும் மேலே வந்து மூக்கைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"கண்ணூறு" என்றார் இவர். "வாறவன் போறவன் எல்லாம் உதைத்தானே பாக்கிறாங்கள்." சொல்லிவிட்டு உப்பும் செத்தல் மிளகாயும் கையில் எடுத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றப் போனார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். ஒரு உப்புக்கல் உள்ளே விழுந்தாலும் அந்தத் தோல் தாங்காது. கோபம் வந்தாலும், இவருக்கு உதில் இவ்வளவு அக்கறை இருக்கிறதே என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மிருக வைத்தியர் ஒரு இளம் பெண். எமிலைப் பார்த்துவிட்டு, அடுத்த அறையில் நின்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். வருத்தம் இல்லையாம். வளர்ந்துவிட்டானாம். இந்தச் சாதி சாகும்வரை குஞ்சுப் பருவத்திலேயே தண்ணீருக்குள் இருந்துவிட்டுப் போகிற சாதியாம். எப்போதாவது ஒன்று இப்படி மாறித் தரைக்கு ஏறுமாம். ஏன் என்று சரியாகச் சொல்லத் தெரியாதாம். மாறுகிறபோது பல செத்துவிடும், தப்பினாலும் திரும்பத் தண்ணீருக்குள் விடக் கூடாது, ஆழத்தில் மூழ்கிவிடும் என்றார். அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று என் தோளில் கைவைத்துச் சொன்னார்.

இதை வாசிக்கும்போது உங்களில் யாருக்காவது, 'புலம்பெயர்ந்த நாங்களும் இப்படித்தான்' என்று ஒரு கவிதை எழுதக் கை துறுதுறுக்கும். தயவுசெய்து எழுதாதீர்கள். அது ஒரு பிராணி. எனக்கு அன்றைக்கு அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். ஒரு பக்கம் கல் அடுக்கிச் சரிவு செய்தேன். தின்ன மறுத்தான். வேலைக்குப் போனால் வயோதிபர் இல்லத்திலும் தின்ன மறுக்கிற கிழவிகள்தான். அவர்களுக்குக் கரண்டி நீட்டுகிறபோதும் எனக்கு எமில்தான் நினைவு. ஒரு காலை வந்து பார்க்கிறேன், கல்லுக்கு மேலே ஏறி இருக்கிறான். பூக்கள் முழுதாக இல்லை. கண்ணுக்கு இமை வந்திருந்தது. என்னைப் பார்த்து ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தான். அதுவரைக்கும் அவன் கண் மூடினதை நான் கண்டதில்லை. வேலைக்குப் பிந்திப் போனேன், ஏச்சு வாங்கினேன், அது பெரிதாகப் படவில்லை.

இனி அவனுக்கு ஈரமண் வேண்டும். கடையில் செங்கல் மாதிரி அமுக்கின ஒரு கட்டியைத் தந்தார்கள். வாளியில் ஊறவைத்தால் பொங்கி வரும் என்றார்கள். வீட்டில் கொண்டுவந்து திருப்பிப் பார்த்தால், இலங்கைத் தயாரிப்பு என்று கிடக்கிறது. தேங்காய்த் தும்புத்தூள்! வாளி நிறையப் பொங்கி வந்ததும் இவர் கையை உள்ளே விட்டு அளைந்தார். "உதை எங்கடை ஊரிலை ஒருத்தன் சும்மா எடுக்கமாட்டான்" என்று சிரித்தார். அந்த வாரம் முழுக்க இவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது.

சிரிப்புக்கு எதிராக வீட்டு நிர்வாகத்தின் கடிதம் வந்தது. இங்கே வாடகை வீட்டில் எல்லாவற்றுக்கும் அனுமதி எடுக்க வேண்டும். ஆரபி எடுத்த அனுமதி தண்ணீர்த்தொட்டிக்கும் அதில் வாழ்கிற பிராணிக்கும். இப்போது தொட்டியில் தண்ணீர் இல்லை, மண் இருக்கிறது என்று கட்டிடப் பராமரிப்பாளர் அறிவித்துவிட்டார். நிர்வாக அலுவலகத்துக்கு நேரே போனேன்.

பழைய பிராணிக்கு என்ன நடந்தது என்று கேட்டாள் அங்கிருந்த பெண். இதுதான் அது என்றேன். அப்படியானால் இரண்டு பிராணியா என்றாள். இல்லை, ஒன்று என்றேன். வெளிநாட்டுக்காரருக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகவும் சத்தமாகவும் திரும்பக் கேட்டாள். எனக்கு வெட்கத்தில் இருந்த டொச்சும் போய்விட்டது. வளர்ந்துவிட்டான் என்று சொல்லப் போய், நாங்கள் பெண்பிள்ளைகளுக்குச் சொல்வோமே, பெரியபிள்ளையாகிவிட்டது என்று, அதை அப்படியே டொச்சில் சொல்லி வைத்தேன். அவள் எழுந்து எனக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னாள். பிறகு புது விண்ணப்பமும் தந்தாள்.

வளர்ந்த எமிலைப் பார்ப்பது கஷ்டமில்லை. குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும், மண் காயாமல் தண்ணீர் தூவ வேண்டும், தொடுவதென்றால் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். பகல் முழுக்க மரப்பட்டைக்குக் கீழே ஒளிந்திருப்பான். முன்னைப்போலத் தின்னத் தேவையில்லை, கிழமைக்கு இரண்டு தரம் மண்புழு போதும். புழுக்களைக் கடையில் பெட்டியோடு வாங்கிக் குளிர்சாதனப்பெட்டியில் வைப்பேன். செவ்வாயும் வெள்ளியும் தவிர்த்துத்தான் கொடுப்பேன். அவனுக்கு ஏன் அது என்று கேட்காதீர்கள், எனக்குக் கைவராது.

ஆரபிக்கோ தலைகால் தெரியாத சந்தோஷம். புதன்கிழமைகளிலும் அழைப்பு எடுக்கத் தொடங்கினாள். நான் போனைப் பிடிக்க, எமில் மண்ணுக்குள்ளிருந்து தலையை நீட்ட, அவள் கதைப்பாள். கிழமைக்கு இரண்டு நாள் பிள்ளையின் குரல். எனக்கு அதற்கு மேல் ஆசை இருக்கவில்லை.

4

ஆனால் இவருக்கு இருந்தது. நல்லூர்க் கொடி ஏறுவதற்கு முதல் நாள் குசினியைக் கழுவித் துடைத்தார். மச்ச மாமிசம் சமைக்கிற சட்டிகளைக் கட்டி பல்கனியில் வைத்தார். வழக்கமாகச் செய்வதுதான். இந்த முறை ஒரு நேரச் சாப்பாடு, தரையில் படுக்கை என்று கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார். நேர்த்திக்கடன் என்று மட்டும் சொன்னார், என்ன நேர்த்தி என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா? மகள் வர வேண்டும். போனை எடுத்து "வா பிள்ளை" என்று இரண்டு சொல்லுச் சொன்னால் முடிகிற காரியம். மகளிடம் சொல்ல வேண்டியதை முருகனிடம் சொல்கிற மனுஷன் இவர்.

குளிர்சாதனப்பெட்டியைத் துடைக்கும்போது தயிருக்குப் பின்னாலிருந்த புழுப்பெட்டி கையில் அகப்பட்டது.

"இஞ்சேரும், உதை வெளியிலை எறியும்."

"அப்ப எமிலுக்கு?"

"இருபத்தஞ்சு நாளைக்கு இந்த வீட்டுக்குள்ளை ஒரு உயிர் போகக் கூடாது. உதுவும் எங்களோடை விரதம் பிடிக்கட்டும்."

"அது வாயில்லாச் சீவனப்பா. என்ன நேர்த்தி அதுக்கு?"

"முருகன் பாப்பான்" என்று கதவைச் சாத்தினார்.

எங்கள் ஐயாவை நினைத்துக்கொண்டேன். தொண்டைமானாற்றில் எங்கள் வீட்டிலும் நல்லூர்க் காலத்தில் அம்மா மீன் சமைக்க மாட்டா. ஆனால் ஐயாவுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. அம்மா பின்வளவில், வேலியோரம், மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, தனிச்சட்டியில் இரண்டு மீன் காய்ச்சி அங்கேயே வைத்துக் கொடுப்பா. ஐயா குந்தியிருந்து சாப்பிட்டுவிட்டு, கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். வீட்டுக்குள் மணக்காவிட்டால் முருகன் கணக்கெடுக்க மாட்டார் என்பது எங்கள் வீட்டுச் சித்தாந்தம். எங்கள் ஊர்ச் செல்வச்சந்நிதி முருகனுக்கு அது தெரியும். நல்லூர் முருகனுக்குத் தெரியுமோ என்றுதான் எனக்குச் சந்தேகம்.

எனக்குப் பின்வளவு இல்லை. ஆனால் கீழே நிலவறையில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக உடுப்புத் தோய்க்கிற அறை ஒன்று உண்டு. யார் எந்த நாள் தோய்ப்பது என்று முறை வைத்திருப்பார்கள். இரண்டாம் மாடியில் இருக்கிற போர்த்துக்கேயப் பெண் மரியா தன் முறைகளை எனக்கு விட்டுத்தந்தாள். புழுப்பெட்டியை நிலவறையில் ஒளித்தேன். எமிலை ஈரத்துணி போட்ட பேசினில் வைத்து, அழுக்கு உடுப்புக் கூடைக்குள் இறக்கி, மேலே ஒரு துவாயை மூடி, லிப்டில் கீழே கொண்டுபோவேன். மெசினுக்குள் வேட்டி சுற்றும். நான் கீழே குந்தியிருந்து எமிலுக்குப் புழு நீட்டுவேன். பட்டினி போட்டுவிடுவோமோ என்ற பயத்தில் ஒன்று கொடுக்கிற இடத்தில் மூன்று கொடுத்தேன். மேலே வந்து தலை முழுகுவேன்.

"இந்த நாளையிலை உமக்கு எவ்வளவு சுத்தம்" என்று இவர் மெச்சினார்.

5

தேருக்கு ஒரு சில நாள் இருக்கும். ஞாயிறு வேலைக்கு ஆளில்லை என்று கூப்பிட்டார்கள். அவசரத்தில் போனை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது இவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"பிள்ளை எடுத்தவள். நான் கதைச்சனான்."

சப்பாத்தைக் கூடக் கழற்றவில்லை.

"என்ன கதைச்சனீங்கள்?"

"சுகம் கேட்டனான். சுகமெண்டாள். பிறகு என்ன கதைக்கிறது? உதைக் கேட்டாள். நான் சொன்னனான், எமில் எங்களோடை சேந்து விரதம் பிடிக்கிறான் பிள்ளை, கொடியேறின நாளிலையிருந்து ஒண்டும் வாயிலை வைக்கேல்லை, அவ்வளவு நல்ல பிள்ளை எண்டு."

முதல்முறையாக எமில் என்று சொல்லியிருக்கிறார். இவருடைய கணக்கில் அதைவிடப் பெரிய சமாதானம் ஒன்று இல்லை. உன் பிராணியை எங்கள் வீட்டு ஆளாக எடுத்துக்கொண்டோம், எங்கள் முருகனுக்கு முன்னால் எங்களோடு சேர்த்து இருத்தியிருக்கிறோம் என்கிறார். எனக்கு அது விளங்கும், உங்களுக்கும் விளங்கும். இந்த உலகத்தில் ஒருத்திக்கு மட்டும் விளங்காது.

"அவள் என்ன சொன்னவள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. லைன் கட்டாகிப் போச்சு."

ஆரபிக்குப் பத்து வயதில் அவளை நல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தூக்குக்காவடி ஒன்று வந்தது. முதுகிலும் காலிலும் முள்ளுக் குத்தி ஒரு பொடியன் மேலே தொங்கினான். இழுபட்ட தோலையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பா, அவருக்கு நோகுது. ஏன் ஒருத்தரும் இறக்கேல்லை?" "நோகாதம்மா, அது நேர்த்தி" என்றார் இவர். அந்தப் பயணத்தில் அவள் பிறகு கோயிலுக்குள் வரவே மாட்டேன் என்றுவிட்டாள். நேர்த்தி என்றால் அவளுக்கு அந்தத் தோல்தான்.

போனைத் திறந்தால் டொச்சில் ஒரு வரி கிடந்தது. வியாழக்கிழமை வந்து எமிலைக் கொண்டுபோகிறேன். உடனே எடுத்தேன்.

"பிள்ளை, நான் அவனுக்குச் சாப்பாடு குடுக்கிறனான். அப்பாவுக்குத் தெரியாது."

"சரி அம்மா."

"உண்மையாத்தான்."

"நீங்கள் எப்பவும் அப்பாவுக்காகத்தான் கதைப்பீங்கள்" என்றாள். கோபம் இல்லை, களைப்பு. இவர் ஒருநாளும் விசாரிக்காதபோதும் "அப்பா உன்னை விசாரிச்சவர்" என்று வாரம் தவறாமல் சொன்னவள் நான். இப்போது உண்மை சொன்னால் எடுபடுமா?

இவரிடம், அவள் வியாழக்கிழமை வருகிறாள் என்று மட்டும் சொன்னேன். ஏன் வருகிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை. வியாழன் தேர். இவர் அப்படியே சாமிப்படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். எழும்பும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "தேரண்டைக்குக் கூட்டிக்கொண்டு வாறான், பாத்தீரோ" என்றார். கண் கலங்கியிருந்தது.

வியாழக்கிழமை இவரே சமைத்தார். கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, பூசணிக்காய், வடை, பாயசம். வாழையிலை தேடி அடுத்த ஊர்த் தமிழ்க்கடைக்குப் போய் வந்தார். மத்தியானம் கார் வந்து நின்றது. பொடியன் இறங்கவில்லை. அது ஒரு மணித்தியாலம் மட்டும் நிறுத்தக்கூடிய இடம்.

ஆரபி உள்ளே வந்தாள். முடி கட்டையாகத்தான் இருந்தது. கையில் காற்றோட்டத் துளை போட்ட பெட்டி ஒன்று.

"வா பிள்ளை. தேர் இருப்பிடத்துக்கு வந்திட்டுது" என்றார் இவர். இரண்டு வருஷத்துக்கு மேலாகக் காணாத மகளுக்கு இவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"ஹலோ அப்பா" என்றாள். நேரே எமிலிடம் போனாள். கையை நனைத்து, மரப்பட்டையைத் தூக்கி, அவனை மெல்ல எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள். எமில் அவள் கையில் அடங்கவில்லை. வயிறு இரண்டு பக்கமும் வழிந்தது.

"அம்மா, இவன் நல்ல குண்டு."

"நான் சொன்னனான்தானே."

என்னைப் பார்த்தாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அவள் என் முகத்தை அப்படிப் பார்த்தாள்! பிறகு தகப்பனைப் பார்த்தாள். இவர் எமிலின் வயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நேர்த்தி எங்கே உடைந்தது என்று இவருக்கு விளங்கிவிட்டது. உள்ளே போய்த் திருநீற்றுத் தட்டத்தோடு வந்தார். மகளின் நெற்றியில் பூசினார். அவள் தலையைக் குனிந்து கொடுத்தாள். அதே கை எமில் பக்கமும் போனது. "அப்பா, வேண்டாம், தோல்!" என்று அவள் அவனை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். இவர் கையிலிருந்த திருநீற்றைத் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டார்.

"விட்டிட்டுப் போவன் பிள்ளை" என்றேன். "நான் வடிவாப் பாக்கிறன்தானே. பாத்தனிதானே."

"ஓம் அம்மா. நீங்கள் நல்லாப் பாத்தனீங்கள்." என் கையைப் பிடித்தாள். "ஆனா உங்களுக்குக் கஷ்டம், என்ன? ஒளிச்சு ஒளிச்சு. எங்கடை வீட்டிலை எல்லாம் வாங்கி வச்சிட்டம். இனி நீங்கள் யோசிக்கத் தேவையில்லை."

இப்படிச் சொல்பவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? அவள் எனக்கு நல்லது செய்கிறாள். எனக்கு யோசிக்க இருந்த ஒன்றே ஒன்றையும் எடுத்துக்கொண்டு போகிறாள். பாயசத்தை நின்றபடி குடித்தாள், நல்லாயிருக்கு என்றாள். இலைக்கு முன்னால் இருந்து சாப்பிட நேரமில்லை. இங்கத்தையவர் கொடுப்பது போலக் கன்னத்தில் மூன்று முத்தம், எனக்கும் இவருக்கும். பெட்டியை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு லிப்டுக்குள் போனாள்.

6

இவர் ஏசுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஏசட்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது. இவர் போடாத இலைகளை மடித்து ஒரு பக்கம் வைத்தார்.

"நீரே குடுத்தனீர்?"

"ஓம்."

"எங்கை வைச்சு?"

"கீழை. வீட்டுக்குள்ளை இல்லை."

தலையாட்டினார். பாயசச் சட்டியை மூடிவிட்டு, "முருகனிலை பிழை சொல்லேலாது. அவள் வரவேணும் எண்டுதான் நேர்ந்தனான். வந்தவள். நிக்கவேணும் எண்டு நான் கேக்கேல்லை" என்றார். அடுத்த நாள் தீர்த்தத்தோடு விரதத்தை முடித்தார்.

புதன்கிழமை அழைப்பு முதலில் நின்றது. பிறகு ஞாயிறும் ஒன்று விட்டு ஒன்றாகி, இப்போது பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும்தான். ஒரு தரம் எனக்கு ஒரு யோசனை வந்தது. "எமிலைக் காட்டு பிள்ளை" என்றேன். சிரித்துக்கொண்டு போனைப் பெட்டிக்கு முன்னால் சாய்த்து வைத்தாள். மெலிந்திருந்தான், நல்ல சுகமாக இருந்தான். அவள் செய்ததையே நானும் செய்தேன். அவனுக்குச் சொன்னேன். அப்பாவுக்கு முழங்கால் ஏலாமல் போயிட்டுது ராசா, படி ஏறமாட்டார். வெங்காயம் உரிக்கிறதையும் விட்டிட்டார். நான் ராத்திரியிலை நித்திரை கொள்ளுறேல்லை. உன்ரை அக்கா ஒருக்கா வந்தாவெண்டால் நல்லம். நெஞ்சிலிருந்த எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு தூரத்தில் கோப்பி மெசின் சத்தம் கேட்டது. அவள் கோப்பையோடு வந்து போனை எடுத்தாள். "முடிஞ்சுதோ அம்மா?" என்று கேட்டாள். முடிஞ்சுது என்றேன்.

இன்றைக்குக் கொடியேற்றம் பார்த்து முடிந்ததும் இவர் கம்பளிச் சட்டையைக் கழற்றினார். நேற்றுக் கட்டி முடிக்காத மச்சச் சட்டிகளைக் கட்டத் தொடங்கினார். "இந்த முறை வடிவாச் சொல்லி நேர்ந்திருக்கிறன். வரவேணும், வந்து ரெண்டு நாளெண்டாலும் நிக்கவேணும்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இஞ்சை இனி எடுக்கிறதுக்கு என்ன கிடக்கு, அவள் வர?"

சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். வீட்டைச் சுற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தார். உண்மையாகவே தேடுகிறார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. "நிலவறையிலை அவளின்ரை பனிச் சப்பாத்து ஒரு சோடி கிடக்கெல்லே" என்றார். "அதுக்கு வருவாள்."

கீழே போய்ப் பார்த்தேன். கிடந்தது. சின்ன வகுப்பில் போட்டது. என் காலை விட்டுப் பார்த்தேன், போகவில்லை, கைதான் உள்ளே போனது.